பெண்களும் முழுமையாக விளையாடும் மேசை: கேம் மாஸ்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்பு, மேசையைச் சுற்றி அமர்ந்து கதைப் பாத்திரங்களாக ஆடும் ஓர் ஆட்டத்தை நான் நடத்தியபோது, இரு கைகளாலும் ஓங்கும் கோடரியை ஏந்திய போராளியாக விளையாட ஒரு பெண் வந்திருந்தார். தன் முறை வந்ததும் இருபது முகப் பகடையை உருட்டினார், 13 விழுந்தது. அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் கையை நீட்டி, பாத்திரத்தின் திறன்களை எண்களாக எழுதிவைத்த அவருடைய தாளைத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, "இதோட அஞ்சு கூட்டணும், பதினெட்டு, அடி விழுந்துடுச்சு" என்று அறிவித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு, பூதத்தின் உயிர்ப்புள்ளிகளைக் குறைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் அந்தப் பெண் பகடையை உருட்டினார். ஆனால் கூட்டிச் சொல்லவில்லை. தாளைப் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கைக்காகக் காத்திருந்தார். மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்தவரைவிடக் கூடுதலான ஆண்டுகள் இந்த ஆட்டத்தை ஆடியவர் அவர் என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் நாளே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. எனப்படும் இந்த விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுவோருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து, கதை நடக்கும் உலகத்தையும் அதில் வாழும் மற்ற மனிதர்களையும் விவரிக்கிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். வெற்றியா தோல்வியா என்று ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. யார் பேசுவது, யார் முடிவெடுப்பது, யாருடைய சொல் கதையாக நிலைபெறுவது என்பவையெல்லாம் பெரும்பாலும் கேம் மாஸ்டரின் கையில் இருக்கின்றன. பெண்களைப் பற்றிய முன்முடிவுகள் இன்று விதிப்புத்தகத்தில் இல்லை. முறை கொடுப்பதிலும், விளக்கம் சொல்வதிலும், உதவி செய்வதிலும் ஒளிந்திருக்கின்றன. ஆகவே அவற்றைத் திருத்தும் பொறுப்பும் முதலில் கேம் மாஸ்டருடையதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வழிகாட்டியும் அவருக்காகவே எழுதப்படுகிறது.

விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துவைத்திருப்பது கேம் மாஸ்டருக்கு நடைமுறையில் பயன்படும். இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. அது, சிறு பொம்மைப் படைகளை வைத்துப் போர் நடத்தும் வார்கேம் குழுக்களிலிருந்து பிறந்த ஆட்டம். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1976 அக்டோபரில் வெளிவந்த, டி.எஸ்.ஆரின் டிராகன் இதழில் லென் லகோஃப்கா என்பவர் பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகளை முன்வைத்தார். மற்றவர்களின் வலிமை மூன்று ஆறுமுகப் பகடைகளால் 18 வரை போகலாம் என்றிருக்க, பெண்ணின் வலிமைக்கு ஓர் எட்டுமுகப் பகடையும் ஓர் ஆறுமுகப் பகடையும் போதும் என்றார். அதாவது உச்சம் 14. தலைமைக்கும் ஆளுமைக்கும் உரிய கரிஸ்மா என்னும் பண்பை எடுத்துவிட்டு, பெண்களுக்கு அந்த இடத்தில் அழகு என்பதை வைத்தார்.

1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விளையாட்டாளர் கையேடு, மனிதப் பெண் போராளியின் வலிமையை 18/50 என்ற அளவோடு நிறுத்தியது. ஆண் போராளிக்கு 18/00 வரை இடம் இருந்தது (சாய்கோட்டுக்குப் பின்வருவது 18க்கு மேலான கூடுதல் வலிமையின் அளவு, 00 என்றால் நூறு). கணக்கில் பார்த்தால், முதலாவது அளவு தாக்குதலுக்கு 1, சேதத்துக்கு 3 என்று கூட்டும். இரண்டாவது தாக்குதலுக்கு 3, சேதத்துக்கு 6 என்று கூட்டும். அந்த உச்சங்களைத் தொடும் பாத்திரமே அரிது என்பதால் ஆட்டத்தில் அந்த விதியால் நேர்ந்த மாற்றம் சிறியது. ஆனால் புத்தகத்தைத் திறந்து தன் பாத்திரத்தை எழுத உட்கார்ந்த பெண்ணுக்கு அது சொன்ன செய்தி சிறியதல்ல. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த எல்லைகள் நீக்கப்பட்டன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்போ, பாத்திரம் ஆணா பெண்ணா என்பதால் கூடுதல் பயனோ குறையோ எதுவும் இல்லை என்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

ஆகவே, "அந்தக் காலத்துப் பெண்கள் போருக்கா போனாங்க, கதை யதார்த்தமா இருக்க வேணாமா?" என்று உங்கள் மேசையில் யாராவது கேட்டால், அது புதிய வாதமல்ல என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். டிராகன் பறக்கும் உலகில், கைவீச்சில் தீக்கோளம் எறியும் மந்திரவாதியை ஏற்றுக்கொண்டு, கோடரி ஏந்திய பெண்ணிடம் மட்டும் யதார்த்தத்தைக் கேட்பது ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். பின்னர் ஆட்டத்தைத் தொடருங்கள். நீண்ட விவாதம் தேவையில்லை.

பெண்கள் இந்த ஆட்டத்துக்கு நேற்று வந்தவர்கள் என்னும் எண்ணமும் தவறானது. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த லீ கோல்ட், ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் எழுத்தில் உரையாடும் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்னும் இதழை 1975இல் தொடங்கி ஏறத்தாழ 50 ஆண்டுகள் நடத்தினார். ஜீன் வெல்ஸ் 1979இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் ஆட்ட வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். 1983இல் வெளியாகி இன்றும் ஆடப்படும் ரேவன்லாஃப்ட் என்னும் இரத்தக்காட்டேரிக் கோட்டையின் கதையை லாரா ஹிக்மன் தம் கணவர் டிரேசி ஹிக்மனோடு சேர்ந்து எழுதினார். அதே 1983இல், மினியாபொலிஸ் நகரக் குழுக்களோடு இருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், அங்கே பெண்கள் மிகக் குறைவாகவே இருந்ததையும், கதைக்குள் பெண் பாத்திரங்கள் பாலியல் வன்முறைக்குரிய பொருளாக நடத்தப்பட்டதையும் பதிவு செய்தார். திறமையும் விருப்பமும் உடைய பெண்கள் அப்போதே இருந்தார்கள். அவர்கள் அமரத்தக்கதாக மேசைகள் இல்லை. நாம் சரிசெய்ய வேண்டியது மேசையைத்தான்.

அழைக்கும்போது

ஒரு பெண்ணை ஆட்டத்துக்கு அழைக்கும்போது, ஆண் நண்பரிடம் சொல்லாமல் விடும் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்: யார் யார் வருகிறார்கள், எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு உறுதியாக முடியும், கதை எத்தகையது. "வாங்க, ஜாலியா இருக்கும்" என்பது அழைப்பாகாது. முதல் சில அமர்வுகளை ஒருவரின் அறையில் வைக்காமல் நூலகக் கூடம், காபிக் கடை போன்ற பொது இடத்தில் வையுங்கள். முடிவு நேரத்தை ஒருபோதும் மீறாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு உச்சக்கட்டச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, கடைசிப் பேருந்தை எண்ணி ஒருவர் மட்டும் பாதியில் எழுந்து போக நேர்ந்தால், கதையின் முடிவு அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே பொருள். ஒரு தோழியையோ சகோதரியையோ உடன் அழைத்துவரலாம் என்று சொல்லுங்கள். மேசையில் ஒரே பெண்ணாக இருப்பவர் என்ன செய்தாலும் அது "பெண்கள் இப்படித்தான்" என்று கணக்கு வைக்கப்படும், இருவர் இருந்தால் அந்தச் சுமை பாதியாகக் குறையும்.

வருபவரை "இன்னாரோட மனைவி", "இன்னாரோட கேர்ள்ஃபிரெண்ட்" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். அவருடைய பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் சொன்னால் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால், அவர்களுடைய பாத்திரங்களும் கதையில் இணையாக இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. இருவரும் எதிரெதிரே அமர்ந்தால் நல்லது. பக்கத்தில் அமர்ந்தால் ஒருவரின் தாளை மற்றவர் பார்த்துச் சொல்லும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியை அவரிடமும் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்னென்ன ஆடியிருக்கீங்க?" புதியவர் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டாம். 2015இல் கிரிட்டிக்கல் ரோல் என்னும் நேரலை ஆட்டம் தொடங்கிய பிறகு, மேசையில் ஒருமுறைகூட அமராமலேயே நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆட்டத்தைப் பார்த்து விதிகளை நன்கறிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

முதல் அமர்வுக்கு முந்தைய அமர்வு

செஷன் ஜீரோ எனப்படும் தொடக்கக் கூட்டத்தை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பாத்திரங்களை எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உருவாக்குவதும், எந்தெந்தப் பொருள்கள் கதைக்குள் வரலாம், எவை வரவே கூடாது என்று பேசி முடிப்பதும் அந்த நாளின் வேலைகள். ரான் எட்வர்ட்ஸ் அறிமுகப்படுத்திய இரண்டு சொற்கள் இதற்கு உதவும். "லைன்" என்பது கதைக்குள் எந்த வடிவிலும் வரக் கூடாதது. "வெய்ல்" என்பது நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் திரை போட்டுவிட்டுக் கடக்க வேண்டியது. பாலியல் வன்முறையை லைனாக அறிவிப்பதைக் கேம் மாஸ்டராகிய நீங்களே முதலில் செய்யுங்கள். ஒரு பெண் அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள். கேட்டவரே காரணமும் சொல்ல வேண்டிய சங்கடம் அதில் இருக்கிறது. பேச்சில் சொல்லத் தயங்குபவர்களுக்காக எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரில்லாமல் எழுதி வாங்குவது இன்னும் நல்லது. மான்டே குக் கேம்ஸ் நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட சிறுநூலில், ஷானா ஜெர்மெய்னும் ஷான் ரெனால்ட்ஸும் அப்படியொரு குறிப்புத்தாளைத் தந்திருக்கிறார்கள். அதையே தமிழில் எழுதிப் பயன்படுத்தலாம்.

ஆட்டத்தின் நடுவே பயன்படுவது ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வகுத்த எக்ஸ்-கார்டு. எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல், நடந்துகொண்டிருக்கும் காட்சியை மாற்றிவிட்டுத் தொடர வேண்டும். அட்டையை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் கேம் மாஸ்டர்கள் பலர். யாரும் தொடாத அட்டை, தொடுவதற்கு அஞ்சப்படும் அட்டையாகவும் இருக்கலாம். ஆகவே முதல் அமர்விலேயே ஏதேனும் ஒரு சிறு காரணத்துக்காக நீங்களே அதைத் தொடுங்கள். ஓர் எலியின் சாவை நான் தேவைக்கு மேல் விவரித்துவிட்டதாக எனக்கே தோன்றியபோது அட்டையைத் தொட்டு, "இதை விட்டுட்டு அடுத்த அறைக்குப் போவோம்" என்றேன். அதன் பின்னர்தான் மற்றவர்களின் கைகளும் அதன் பக்கம் போயின.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஒரு வாசகத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: "நீங்க ஹீலர் எடுத்துக்கோங்களேன், உங்களுக்கு ஈஸியா இருக்கும்." விதிகளின்படி பார்த்தாலும் இது பிழை. ஐந்தாம் பதிப்பில் காயம் ஆற்றும் கிளெரிக், தனக்குரிய மந்திரப் பட்டியல் முழுவதிலிருந்தும் அன்றன்றைக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். புதியவருக்கு அது எளிய வேலையல்ல. எளிமையாகத் தொடங்க வேண்டுமென்றால் போராளியைத்தான் பரிந்துரைக்க வேண்டும். அப்படியிருந்தும் பெண்ணைப் பார்த்ததும் வாயில் கிளெரிக் வருவதற்குக் காரணம், நோயாளிக்கு அருகில் அமர்வது பெண்ணின் வேலை என்று மேசைக்கு வெளியே படிந்துவிட்ட எண்ணம்தான். குழுவுக்குக் காயம் ஆற்றுபவர் தேவையென்றால் அதைக் குழு முழுவதன் சிக்கலாக வையுங்கள்: மருந்துக் குப்பிகளை வாங்கலாம், கூலிக்கு ஒரு மருத்துவரை அமர்த்தலாம், இல்லையென்றால் யாருக்கு ஆசையோ அவர் எடுக்கலாம். மறுபுறம், தன் விருப்பத்தோடு கிளெரிக்கைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணிடம் "ஏன் எல்லாரையும் போலவே நீங்களும்?" என்று கேட்பதும் அதே தவற்றின் மறுபக்கம்.

இன்னொரு முன்முடிவும் இங்கே எழும்: பெண்களுக்குக் கதை பிடிக்கும், ஆண்களுக்குச் சண்டை பிடிக்கும் என்பது. 1991இல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேட், சண்டையைவிட உறவுகளுக்கும் சூழ்ச்சிகளுக்கும் இடம் கொடுத்த ஆட்டம், பெண்கள் பலர் அதன் வழியாக இந்த உலகுக்குள் வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் ஒரே முடிவை எழுதிவிடக் கூடாது. வரைபடத்தில் கட்டங்களை எண்ணி எதிரியின் பின்புறம் போய் நிற்பதில் மகிழ்பவர்களும், ஆறு அமர்வுகளாகச் சந்தைக்காரரோடு பேரம் பேசுவதில் மகிழ்பவர்களும் இரு பாலிலும் இருக்கிறார்கள். யாருக்கு எது பிடிக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் விவரிக்கும்போது

நாங்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் ஆடுகிறோம். விவரிப்பு பெரும்பாலும் தமிழில் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு காவலாளி கதவைத் திறந்தால், அவர் ஆணா பெண்ணா என்பதை அந்த வாக்கியத்தில் சொல்லாமலே கடந்துவிடலாம். தமிழில் "திறந்தான்", "திறந்தாள்", "திறந்தார்" என்று வினைமுற்றிலேயே தேர்ந்தெடுத்தாக வேண்டும். இதை இடைஞ்சலாகக் கருதாமல், நம் பழக்கத்தை நாமே கண்டுகொள்ளக் கிடைத்த வாய்ப்பாகக் கருதுங்கள்.

ஒரு முறை என் குறிப்பேட்டை எடுத்து, அதுவரை கதையில் வந்த மனிதர்களை எண்ணிப் பார்த்தேன். தளபதி, கொல்லர், படகோட்டி, பூசாரி, சுங்கக்காரர், கூலிப்படைத் தலைவர் என்று தொழில் உடைய அனைவரும் ஆண்கள். பெண்கள் நால்வர்: விடுதிக்காரரின் மகள், காணாமற்போன இளவரசி, ஒரு விதவை, ஒரு சூனியக்காரி. நால்வரில் மூவருக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. இப்படியொரு உலகத்துக்குள் கோடரி ஏந்திய ஒரு பெண்ணை அழைத்துவந்து, "நீங்க விரும்பினபடி இருக்கலாம்" என்று சொன்னால் அது எப்படி நம்பும்படியாக இருக்கும்?

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறை எளிமையானது. ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் பன்னிரண்டு மனிதர்களின் தொழிலை மட்டும் முதலில் எழுதிக்கொள்வேன். அடுத்து ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசையும் ஓர் அச்சமும். அதற்குப் பிறகுதான் நாணயத்தைச் சுண்டி ஆணா பெண்ணா என்று முடிவு செய்து பெயர் வைப்பேன். நாணயம் சொன்னதை மாற்ற மாட்டேன். "தளபதி குதிரையிலிருந்து இறங்கினாள்; சேறு படிந்த கையுறையைக் கழற்றிக்கொண்டே உங்கள் அனுமதிச்சீட்டைக் கேட்கிறாள்" என்று முதன்முதலாகச் சொன்னபோது, மேசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு நிமிடங்களில் எல்லோரும் அனுமதிச்சீட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள்.

மரியாதை விகுதியையும் கவனியுங்கள். அரசர் "வந்தார்", அரசி "வந்தாள்" என்று சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. "-ஆர்" விகுதி பாலைக் காட்டாது என்பது உண்மைதான். ஆனால் "தளபதி வந்தார்" என்று கேட்டதும் கேட்பவர் மனத்தில் மீசைதான் எழும். எனவே இரண்டையும் கலந்து ஆளுங்கள்: ஒருமையில் பேசுவதென்றால் இருவரையும் ஒருமையில், மரியாதையாகப் பேசுவதென்றால் இருவரையும் மரியாதையாக. ஆட்டக்காரர்களை விளிப்பதிலும் இதே கதைதான். ஆண் தவறாகக் கணக்கிட்டால் "ப்ரோ, மறுபடி பாருங்க" என்கிறோம். பெண் தவறாகக் கணக்கிட்டால் "இல்லம்மா, அது அப்படி இல்ல" என்கிறோம். அந்த "ம்மா" அன்பாகத்தான் வருகிறது என்றாலும், சொல்பவரை ஆசிரியராகவும் கேட்பவரைச் சிறுமியாகவும் ஆக்கிவிடுகிறது. பெயர் சொல்லியோ, அதைவிடப் பாத்திரத்தின் பெயர் சொல்லியோ விளிப்பதே எல்லோருக்கும் பொருந்தும்.

முறை கொடுப்பது

இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு பகுதியைத்தான் நடைமுறைப்படுத்த முடியும் என்றால், இதையே செய்யுங்கள். சண்டை நடக்கும்போது இனிஷியேட்டிவ் என்னும் முறைவரிசை இருக்கிறது; ஒவ்வொருவருக்கும் தன் முறை வந்தே தீரும், சத்தமாகப் பேசுபவருக்கு அதில் தனிச் சலுகை இல்லை. சண்டை முடிந்ததும் அந்த வரிசை மறைந்துவிடுகிறது. பாழடைந்த கோயிலைத் துருவிப் பார்ப்பது, ஊர்ப் பெரியவரிடம் பேச்சுவார்த்தை நடத்துவது, எந்த வழியே போவது என்று முடிவு செய்வது ஆகிய எல்லாவற்றிலும் முந்திப் பேசியவரின் சொல்லே கதையாகிறது. குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒருவரும், குறுக்கே பேசினால்தான் கவனிப்பார்கள் என்று வளர்ந்த ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும்போது, வரிசையில்லாத அந்த நேரத்தில் யார் பின்தங்குவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்று மணி நேர அமர்வில் சண்டை ஒரு மணி நேரம்தான் என்றால், மீதி இரண்டு மணி நேரம் அவர் பார்வையாளராகவே இருந்துவிட்டுப் போகிறார்.

எனவே சண்டைக்கு வெளியேயும் மேசையைச் சுற்றி வாருங்கள். புதிய இடத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் பெயர் சொல்லி அழைத்து, "நீங்க என்ன பாக்கறீங்க, என்ன செய்யறீங்க?" என்று கேளுங்கள், எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை எதற்கும் விடை சொல்லாதீர்கள். அடுத்த சுற்றை வேறொருவரிடமிருந்து தொடங்குங்கள். கேம் மாஸ்டரின் குறிப்புகளை மறைக்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் ஒரு சிறு தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதி, ஒருவரிடம் கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு வாருங்கள். நான் அப்படிக் குறித்த முதல் நாளில் ஒருவருக்குப் பதினேழு கோடுகளும் இன்னொருவருக்கு நான்கும் இருந்தன. அதற்கு முன்பு கேட்டிருந்தால், எல்லோருக்கும் சமமாகவே முறை கொடுக்கிறேன் என்று மனமாரச் சொல்லியிருப்பேன்.

பேச்சு குறுக்கிடப்படும்போது குறுக்கிட்டவரைக் கண்டிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. குறுக்கிடப்பட்டவருடைய பாத்திரத்தின் பெயர் வேங்கை என்று வைத்துக்கொள்வோம். "ஒரு நிமிஷம், வேங்கை கதவுகிட்ட ஏதோ செய்யப் போனா, அதை முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி, விட்ட இடத்துக்குத் திரும்பினால் போதும். ஒருவர் சொன்ன யோசனையை மற்றொருவர் உரக்கச் சொல்லி அது ஏற்கப்படும் நேரத்தில், அந்த யோசனை முதலில் எந்தப் பாத்திரத்திடமிருந்து வந்தது என்பதைக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்: "வேங்கை சொன்ன வழியாவே போறீங்க." குழுவின் வரவுசெலவையும் நடந்தவற்றையும் எழுதிவைக்கும் வேலை எப்போதும் ஒரு பெண்ணின் தலையிலேயே விழுகிறதா என்று பாருங்கள், அதை வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிவிடுங்கள். எழுதிக்கொண்டிருப்பவர் பேசத் தவறுகிறார் என்பதை அந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் உணர முடியும்.

உதவி என்ற பெயரில்

என் மேசையில் நீண்ட அந்தக் கை கெட்ட எண்ணத்தோடு நீளவில்லை. உதவி செய்வதாகவே அவர் நினைத்தார். அதனால்தான் அதைத் தடுப்பது கடினம். இப்போது முதல் அமர்வின் தொடக்கத்திலேயே இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன்: ஒருவருடைய தாளையும் பகடையையும் அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, விதியில் ஐயம் வந்தால் ஆட்டக்காரர் கேம் மாஸ்டரைக் கேட்பார், கேட்கப்படாதவர் விடை சொல்ல வேண்டாம். இவை ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் யாரும் மனம் நோவதில்லை. கூச்சம் மிகுந்த ஆண்களும் இதனால் பயனடைந்திருக்கிறார்கள். ஒருவர் கணக்கிட அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், அந்த அரை நிமிடம் அமைதியாக இருங்கள்.

பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு கேம் மாஸ்டரே செய்யும் தவறும் உண்டு. பெண்ணின் பாத்திரத்தை எதிரிகள் தாக்காமல் விடுவது, தோற்ற பகடையை மறுபடி உருட்டச் சொல்வது, சாகவேண்டிய இடத்தில் காப்பாற்றிவிடுவது போன்றவை அவரை ஆட்டத்திலிருந்து நாசூக்காக வெளியேற்றும் வழிகள். மற்றவர்களுக்கு என்ன இடர் இருக்கிறதோ அதே இடர் அவருக்கும் இருந்தால்தான் அவருடைய வெற்றி வெற்றியாக இருக்கும்.

ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் ஆடும்போது

எதிர்ப்பாலின் பாத்திரத்தை ஆடுவதைத் தடை செய்யும் மேசைகளை நான் பார்த்திருக்கிறேன், அது தேவையற்றது. பெண் ஓர் ஆணாக ஆடினால் "ஏன்?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆண் ஒரு பெண்ணாக ஆடும்போது, அந்தப் பாத்திரத்துக்கு மயக்குவதைத் தவிர வேறு குணமே இல்லை என்றால், எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளையே அவரிடமும் கேளுங்கள்: அவளுக்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சுகிறாள், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள். இந்த மூன்றுக்கும் விடை எழுதியவர்கள் பெரும்பாலும் நல்ல பாத்திரத்தோடுதான் வருகிறார்கள்.

வரம்பு மீறப்பட்டால்

ஒருவருடைய பாத்திரம் ஒரு பெண்ணின் பாத்திரத்தை அவர் விரும்பாமலேயே சீண்டிக்கொண்டிருந்தால், கதைக்குள் தீர்வு தேடாதீர்கள். சீண்டிய பாத்திரத்தின் மீது இடி விழச் செய்வது, காவலர்கள் வந்து பிடித்துப்போவது ஆகியவற்றால் அந்த மனிதர் திருந்துவதில்லை. சீண்டல் கதையின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டுவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்தி, கதைக்கு வெளியே, குரலை உயர்த்தாமல், "இது நம்ம மேசையில வேணாம், இந்தக் காட்சி நடக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள். "என் கேரக்டர் அப்படித்தான்" என்று விடை வந்தால், அந்தப் பாத்திரத்தை எழுதியவர் அவர்தான், மாற்றி எழுதவும் அவரால் முடியும் என்பதை நினைவூட்டுங்கள். அமர்வு முடிந்ததும் அவரோடு தனியே பேசுங்கள். இரண்டாம் முறை நடந்தால் அடுத்த வாரம் அவரை அழைக்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவரிடம் எல்லோர் முன்னிலையிலும் "உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்பதைத் தவிருங்கள். ஐந்து பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறெதையும் சொல்வது கடினம். அன்றிரவு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, நீங்கள் எடுத்த முடிவைச் சொல்லுங்கள்; அவர் ஏதேனும் சொல்ல விரும்பினால் கேளுங்கள்; தீர்ப்பை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

திரையை ஒப்படைப்பது

மேசையில் ஒரு பெண் விளையாடுவதோடு நின்றுவிட வேண்டாம். அவர் ஆட்டத்தை நடத்தவும் வழி செய்யுங்கள். கேம்பெயின் எனப்படும் மூன்று மாதத் தொடர்கதையை ஒப்படைக்காமல், மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரு கதையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: ஓர் ஊர், ஒரு சிக்கல், பெயரும் ஆசையும் உடைய நான்கு மனிதர்கள், ஒரு சண்டை. உங்கள் திரையையும், எதிரிகளின் எண்களைக் குறித்து வைத்த அட்டைகளையும் கொடுத்துவிட்டு, நீங்கள் ஓர் எளிய பாத்திரத்தோடு மேசையின் மறுபக்கம் அமருங்கள். அவர் ஒரு விதியைத் தவறாகச் சொன்னால் அந்த இடத்தில் திருத்தாதீர்கள். ஆட்டம் நின்றுபோகாத வரை எந்த விதிப்பிழையும் பெரிதல்ல. அவரே கேட்டால் பக்க எண்ணை மட்டும் சொல்லுங்கள். உங்கள் முறை வரும் வரை காத்திருந்து, வந்ததும் பகடையை உருட்டி, உங்கள் தாளைப் பார்த்துக் கூட்டி, எண்ணை அவரிடம் சொல்லுங்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதை அவர் அறிவிப்பார்.